கட்டைவிரலுக்கு அடியில் இருந்த பெயர்

எங்கள் வீட்டு மின்கட்டணச் சீட்டை யாரிடம் நீட்டினாலும் என் ஓரகத்தி புருல்சா அதன் மேல்மூலையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டுதான் நீட்டுவாள். அந்த இடத்தில் மாமனாரின் பெயர் அச்சாகியிருக்கும். அவர் இறந்து வெகுகாலம் ஆகியும் சீட்டு அவர் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. வாங்குகிறவர் வெடுக்கென்று இழுத்தால் அவளும் கூடவே இரண்டடி நடப்பாள், விரலை மட்டும் எடுக்கமாட்டாள். அவள் மருமகளாக வந்த முதல் மாதத்தில் இதைக் கவனித்தேன். வருடங்கள் போயும் அவள் மாறவில்லை.

கணவன் வீட்டு மூத்த ஆண்களின் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. நானும் சொன்னதில்லை. மாமனாரின் பெயருக்குள் ஒரு உலோகத்தின் பெயர் இருப்பதால் அதையும் நாங்கள் சொல்வதில்லை, 'கறுப்புச் சாமான்' என்போம். பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமென்றே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

"ஏண்டி, உங்க வீட்டு அடுப்பு எதுல செஞ்சது?"

"கறுப்புச் சாமான்ல."

"ஆணி?"

"அதுவும் கறுப்புச் சாமான்தான். உங்க வாயும் அதுலதான் செஞ்சாப்புல இருக்கு" என்று புருல்சா சிரிக்காமல் பதில் சொல்லுவாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆட்டுப்பட்டியில் வளர்ந்தவளுக்கு இந்தச் சொல்லாமைகள் கஷ்டமாகத் தெரியவில்லை, எனக்குப் பேச்சே குறைவு. புருல்சா தலாஸ் பக்கத்து அவரைக்காய்த் தோட்டங்களில் வளர்ந்தவள், வாயாடி, கல்லூரியில் ஒரு வருடம் படித்தவள். அவள் எதற்காக இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் வாயால்தான் சொல்லமாட்டேன். அவள் எழுத்திலும் எழுதமாட்டாள், எழுதியிருப்பதைப் பிறர் பார்க்கவும் விடமாட்டாள். என் கணவர் அவளுக்கு மூத்தார், அவள் கணவனின் அண்ணன். ஒருமுறை பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தை அவள் சுவரில் மாட்டும்போதும் விரல் பெயரின் மேலேயே இருந்தது. "நகத்தை வளக்கச் சொல்லு அந்தப் பொண்ண, இன்னும் நல்லா மறையும்" என்று அவர் என்னிடம் சொன்னார். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். அவள் அடுப்படிக்கு ஓடிவிட்டாள்.

அவர் எங்கள் ஊர்ப் பள்ளியில் கணினி ஆசிரியர். நாரின் நகரிலிருந்து திரும்பும்போது பனியில் வண்டி சறுக்கி இறந்துபோனார். மடிக்கணினி அன்று வீட்டிலேயே இருந்தது. மாமியார் அதைத் துண்டில் சுற்றி, மரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் மேல் மெத்தைகளையெல்லாம் அடுக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் எடுக்கக்கூடாதவர்கள். மாமியார் எடுக்கலாம், பெற்றவர். அவரும் எடுக்கவில்லை. வியாழக்கிழமைகளில் இறந்தவர்களுக்காக எண்ணெயில் மாவு பொரித்து வேண்டிக்கொள்ளும்போது மட்டும் அவர் உதடு அசையும், சத்தம் வராது.

அவர் போன மூன்றாவது குளிர்காலத்தில் புருல்சா அந்தக் கணினியைக் கேட்டாள்.

அவள் கணவன் நூர்காஸி, என் கொழுந்தன், வெளிநாட்டில், நோவசிபிர்ஸ்கில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். கல்யாணமான அடுத்த வருடமே போனவன், வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நாள் வந்து போவான். பிள்ளையில்லை. தலைநகர் பிஷ்கெக்கில் யாரோ நாலு பேர் சேர்ந்து கிராமத்துப் பெண்களுக்கு இணையம் வழியாக நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று புருல்சா கேள்விப்பட்டிருந்தாள். முடித்தவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை. கரிக்கும் மாவுக்கும் ஆகிறமாதிரி அவள் சம்பாதித்தால் இளவேனிலில் வந்துவிடுவதாக நூர்காஸி தொலைபேசியில் சொல்லியிருந்தான். இல்லையென்றால் கிடங்கில் அவளுக்கும் ஒரு இடம் பேசிவைத்திருப்பதாகவும் சொன்னான். அவளுக்கு அங்கே போக விருப்பமில்லை. ஒரு குழந்தையை இந்த வீட்டில் பெற்று இந்த வீட்டில் வளர்க்கவேண்டும் என்று என்னிடம் மாட்டுக்கொட்டிலில் வைத்துச் சொல்லியிருக்கிறாள்.

மாமியார் தேநீரை மூன்று கிண்ணம் குடித்து முடித்தார். பிறகு எழுந்து மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நானும் போய்ப் பிடித்தேன்.

"எடுத்துக்க சின்னவளே. ஆனா என் புள்ள அதுல வெச்சது வெச்சபடி இருக்கணும். ஒண்ணையும் அழிக்கப்படாது."

"தொடமாட்டேன் அத்தை."

திறந்ததும் திரை நடுவில் என் கணவர் படம், சின்ன வட்டத்துக்குள். அதற்குக் கீழே பெயர். புருல்சாவின் கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பெயரின் மேல் உட்கார்ந்தது. கடவுச்சொல் எனக்குத் தெரியும், எங்கள் பழைய பசுவின் பெயர்தான். ஒரே கையால் அதைத் தட்டினாள். தினமும் அப்படியே. கண்ணாடியில் விரல் பதிந்து பதிந்து ஒரு மங்கல் வட்டம் உண்டானது. சாயங்காலம் நான் அதைத் துடைத்துவைப்பேன்.

பாடம் தொடங்கும் முன்பு ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் பைத்தான் என்ற கருவியை நிறுவி, கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டி, அது பதில் சொல்வதைப் படமெடுத்து அனுப்பவேண்டும். வியாழன் நண்பகல்வரை கெடு. அனுப்பாதவர்களின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். புருல்சா முதல் நாளே நிறுவிவிட்டாள். கறுப்புத் திரையில் தட்டினால் மட்டும் 'அப்படி ஒன்று இல்லை' என்று வந்தது.

சந்தேகம் தீர்க்க இல்கிஸ் என்று ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். பிஷ்கெக்கில் பிறந்து வளர்ந்தவன். குரலைக் கேட்டால் இருபது வயதுக்கு மேல் சொல்லமுடியாது. சன்னலோரம்தான் தொலைபேசிக்கு அலை கிடைக்கும் என்பதால் அவள் அங்கே உட்கார்ந்து ஒலிபெருக்கியில் போட்டுவிடுவாள், நாங்கள் எல்லோரும் கேட்போம்.

"அக்கா, பயப்படாதீங்க. இது எல்லாருக்கும் வர்றதுதான். மாவு உங்க வீட்டுல இருக்கு, சரியா? ஆனா கணினி வீடு பூரா தேடாது. சொல்லி வெச்ச அறையில மட்டும் எட்டிப் பாக்கும். மாவு இருக்கற அறைக்கு வழியை நாம எழுதிக் குடுக்கணும். வழியில கொஞ்சம் தப்புனாலும் 'மாவே இல்ல'ன்னு கைய விரிச்சிடும்."

"சோம்பேறி மருமக" என்றார் மாமியார் அடுப்படியிலிருந்து. இல்கிஸ் அந்தப் பக்கம் சிரித்தான்.

"நான் வழியை எழுதி அனுப்பறேன், நீங்க அப்படியே ஒட்டுங்க. ஒரே ஒரு இடம்தான் ஆளுக்கு ஆள் மாறும். பயனர்கள்னு ஒரு அடைவு, அதுதான் அறை, இருக்கு பாருங்க, அதுக்குள்ள யார் பேர்ல இருக்கு?"

புருல்சா திரையைப் பார்த்தாள். மெத்தை அடுக்கைப் பார்த்தாள்.

"மூத்தவர்" என்றாள்.

"அப்படியேவா எழுதியிருக்கு?"

"ம்."

அவன் அப்படியே எழுதி அனுப்பினான். அவள் அப்படியே ஒட்டினாள். 'அப்படி ஒன்று இல்லை.'

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. பனி விழுவதால் இணையம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை வெகுநாள் கழித்து அவளே சொன்னாள். எங்கள் வீட்டில் மூத்தவர் என்றால் யார் என்று ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். அவருடைய கணினிக்கு மட்டும் தெரியாமல் போகுமா என்று ஒரு நப்பாசை. முட்டாள்தனம் என்று தெரிந்தே செய்தேன் அக்கா என்றாள்.

அடுத்த நாள் இல்கிஸ் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னான். செய்தாள். கணினியை அணைத்து எழுப்பச் சொன்னான். செய்தாள். மின்சாரம் போனது, வந்தது, மறுபடி போனது. வழியை வேறு இடத்தில் எழுதிப் பார்த்தார்கள். அவன் எங்கே எழுதச் சொன்னாலும் நடுவில் அந்தப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'மூத்தவர்' உட்கார்ந்திருந்தார்.

"படம் எடுத்து அனுப்புங்க அக்கா, நானே பாக்கறேன்."

அனுப்பினாள். உடனே அழைத்தான்.

"அக்கா, படத்துல பாதி உங்க விரல்தான் இருக்கு."

"கை பெருசு தம்பி."

"வேற கையால பிடிச்சு எடுங்க."

மறுபடி அனுப்பினாள்.

"இப்ப அந்தக் கை விரல் தெரியுது! அதுக்கு அடியில மோதிரம் கீதிரம் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?"

புருல்சா சிரித்தாள். அவள் கழுத்து சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

"சரி, ஒரு சுலப வழி இருக்கு" என்றான் அவன். "பழைய ஆளைத் தூக்கிட்டு உங்க பேர்ல புதுசா ஒண்ணு தொடங்கிடலாம். எல்லாம் சுத்தமாயிடும்."

மாமியார் கையிலிருந்த அகப்பை சட்டியில் மோதி நின்றது.

"அது வேணாம் தம்பி" என்றாள் புருல்சா. "அது மட்டும் வேணாம்."

"யாருதுக்கா இது?"

"வீட்டோடது."

அன்று நூர்காஸி அழைத்தபோது "என்னாச்சு, ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டான். "நடந்துக்கிட்டிருக்கு" என்றாள். "மேஸ்திரி வார இறுதிக்குள்ள சொல்லச் சொல்றார், உன் இடத்த பிடிச்சு வெக்கணுமா வேணாமான்னு." "வேணாம்னு சொல்லு" என்றாள். பிறகு, "வியாழக்கிழமை சொல்றேன்" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி தயிர் கடன் வாங்க வந்தவள், கறுப்புத் திரையை எட்டிப் பார்த்து, "என்னடி, படம் இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலையில் மின்சாரம் இருந்தது. மாமியார் மாவு பிசைந்தார், இறந்தவர்களுக்கான பொரியலுக்கு. நான் எண்ணெய் காயவைத்தேன். புருல்சா சன்னலோரத்தில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தாள். இல்கிஸ் எடுக்கவில்லை, வேறு பெண்களோடு பேசிக்கொண்டிருந்திருப்பான். சூரியன் கொட்டில் கூரைக்கு நேர்மேலே வந்தபோது அவள் தொலைபேசி ஒருமுறை ஒலித்தது. எடுத்துப் படித்தாள். மெத்தையின் மேல் அதைக் கவிழ்த்துவைத்தாள். அந்தக் கை மடியில் விழுந்தது, மறு கையின் கட்டைவிரல் திரையிலேயே இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததேயில்லை, அதனால் உற்றுப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் இல்கிஸ் தானாகவே அழைத்தான். விளையாட்டுக் குரல் இல்லை.

"அக்கா, வந்திருக்குமே."

"வந்துச்சு தம்பி."

"நான் சொல்லிப் பாத்தேன். கேக்கல."

"பரவால்ல."

"ஆனா இத இப்படியே விட எனக்கு மனசில்ல. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த விரலுக்கு அடியில என்ன இருக்கு?"

அவன் காத்திருந்தான். மாமியார் கையிலிருந்த மாவை வட்டமாக்கிக்கொண்டே இருந்தார், அது ஏற்கெனவே வட்டமாகத்தான் இருந்தது. பிறகு அதைத் தட்டில் போட்டுவிட்டு, கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு, சன்னலுக்கு வந்தார். புருல்சாவின் மணிக்கட்டைப் பிடித்துத் திரையிலிருந்து எடுத்தார். மாவு ஒட்டியிருந்தது.

திரையில் அந்த நீள வரி. நடுவில் அவர் பெயர்.

"யாருப்பா அது?" என்று மாமியார் தொலைபேசியைப் பார்த்துக் கேட்டார்.

"இல்கிஸ், அம்மா. பிஷ்கெக்ல இருந்து."

"நீ கேக்கற பேரு என் பெரிய புள்ள பேரு. இவங்க ரெண்டு பேரும் அதச் சொல்லப்படாது. நான்தான் வெச்சேன், நான் சொல்றேன். எழுதிக்கோ."

சொன்னார். முழுப்பெயரையும் ஒருமுறை சொன்னார், கொட்டிலில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி, கொஞ்சம் உரக்க. பிறகு எழுத்து எழுத்தாக. இடையில் ஒரு எழுத்தில் குரல் நின்றது. இல்கிஸ் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. மாமியார் தானாகத் தொடர்ந்து முடித்தார்.

நான் சட்டியைக் கவனிக்கவில்லை. முதல் பொரியல் கரிந்து வீடெல்லாம் புகை.

இல்கிஸ் வரியை அனுப்பினான். புருல்சா ஒட்டினாள். கறுப்புத் திரையை மூடி, மறுபடி திறந்து, கருவியின் பெயரைத் தட்டினாள். கீழே ஒரு வரி வந்தது, அந்தக் கருவியின் பெயரும் ஏதோ எண்களும்.

"என்ன சொல்லுது?" என்றார் மாமியார்.

"இருக்குன்னு சொல்லுது அத்தை."

மாமியார் தலையாட்டினார். அந்தப் பக்கம் பையன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. எனக்குத் தோணவே இல்ல. பேரே சொல்லாம எழுத ஒரு வழி இருக்கு. இந்த வீட்டுக்காரர்னு குறிக்கற மாதிரி ஒரு பொதுச்சொல். பேரு இருக்கற எடத்துல அதப் போட்டா கணினி தானா புரிஞ்சுக்கும். முதல் நாளே அதக் குடுத்திருந்தா..."

"அதுக்கும் அந்தப் பழக்கம் இருக்கா?" என்று மாமியார் கேட்டார்.

"இருக்கும்மா."

"இருக்கட்டும். சொல்லியாச்சு."

பேச்சு முடிந்ததும் மாமியார் புருல்சாவின் பக்கம் திரும்பினார்.

"முதல் நாளே என்னைக் கேட்டிருக்கலாம்ல சின்னவளே? எத்தன நாளா இந்தக் குளிர்ல சன்னல்கிட்ட உக்காந்திருக்க?"

"நீங்க தாங்கமாட்டீங்கன்னு நெனச்சேன் அத்தை."

"நீங்க ரெண்டு பேரும் தாங்கமாட்டீங்கன்னு நானில்ல வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றவர், என்னைப் பார்த்து, "சட்டியப் பாரு பெரியவளே, வீடு எரியுது" என்று அதட்டினார். மீதி மாவைப் பொரித்தோம். வேண்டிக்கொள்ளும்போது அந்தப் பெயரை இரண்டாவது தடவையும் சத்தமாகச் சொன்னார். புருல்சா குனிந்திருந்தாள். எனக்கு என்ன ஆனது என்பதை இங்கே எழுதவில்லை.

மாமியார் அன்று சந்தோஷமாக இருந்தார் என்று சொல்வது சரியா தெரியவில்லை. நிறையப் பேசினார். என் கணவர் பிறந்த இரவில் ஆற்றில் பனி உடைந்த கதையைச் சொன்னார். மருமகள் படிக்கப்போகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரியை வேலிவரை கூப்பிட்டுச் சொன்னார், ஒரு தட்டுப் பொரியலும் கொடுத்தனுப்பினார்.

மாலையில் பால் கறக்கும்போது புருல்சா என்னிடம் தொலைபேசியைக் காட்டினாள். நண்பகலில் வந்த செய்தி. அவள் இடம் வேறொரு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, இலையுதிர் காலத்தில் மறுபடி விண்ணப்பிக்கலாம். இல்கிஸ் அழைத்தபோதே அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"அப்புறம் ஏண்டி அவ்வளவும் செஞ்சீங்க?"

"அத்தை எழுந்து வந்தாங்களே அக்கா. எப்படி நிறுத்தறது?"

பசு காலை மாற்றி வைத்தது. அவள் அதன் விலாவில் நெற்றியை வைத்துக்கொண்டு கறந்தாள்.

"இலையுதிர் வரைக்கும் இரேன்" என்றேன்.

"அவரு வாரக் கடைசிக்குள்ள சொல்லணும்னாரே. கிடங்குல எடம் காத்திருக்காது. எனக்கும் வயசு ஏறுது. தனித்தனியா இன்னொரு வருஷம் என்னால ஆகாது." பால் செம்பை நகர்த்திவைத்தாள். "அத்தைகிட்ட, நானா விரும்பித்தான் போறேன்னு சொல்லுங்க. அந்தப் பேரு வீணாப் போச்சுன்னு நெனச்சிடப்போறாங்க."

அப்படியே சொன்னேன். மாமியார் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. "புருஷன்கிட்ட போறது நல்லதுதான்" என்றார், அவ்வளவுதான்.

பனி இளகத் தொடங்கியதும் அவள் போனாள். ஊர்வழக்கப்படி ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டு மீதியை விட்டுச்சென்றாள், திரும்பி வந்து சாப்பிடுவதற்கு. மாமியார் அதைத் துணியில் முடிந்து சுவரில் மாட்டினார். வாசலில் வண்டி நின்றிருந்தபோது புருல்சா உள்ளே ஓடி வந்து, மின்கட்டணச் சீட்டை அலமாரியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள், இந்த மாதம் கட்டவேண்டும் என்றாள். அவசரத்திலும் விரல் அந்த இடத்திலேயே இருந்தது.

இல்கிஸ் இலையுதிர் காலத்தில் ஒரு செய்தி அனுப்பினான், அக்காவுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறேன் என்று. அதை நான் நோவசிபிர்ஸ்குக்கு அனுப்பிவைத்தேன். அங்கே பன்னிரண்டு மணி நேரம் நின்று பொட்டலம் பிரிக்கிறார்கள், அறையில் ஆறு பேர், கணினி வைக்க இடமில்லை என்று பதில் வந்தது. அவனுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

அவள் போய் இப்போது இரண்டாவது குளிர்காலம் நடக்கிறது. புருல்சா வரவில்லை, குழந்தையும் இல்லை. ரொட்டி சுவரில் கல்லாகிவிட்டது. மடிக்கணினி பெட்டிக்குள் போகவில்லை, சன்னலோரத்தில்தான் இருக்கிறது. மின்கலம் போய்விட்டதால் கம்பியோடு சேர்த்தால்தான் எழும்பும். வியாழக்கிழமைகளில் மாமியார் அதை எழுப்பச் சொல்கிறார், பெயரைப் பார்க்கிறார், சொல்கிறார். நான் கடவுச்சொல்லைத் தட்டுவதில்லை. அதற்கு மேல் உள்ளே போய்ச் செய்ய எங்களுக்கு ஒன்றும் தெரியாது.